கழுகு வந்த நேரம்

என்னைப் பெண் பார்த்தது திருக்கழுக்குன்றம் மலை மேல். இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். மாப்பிள்ளை வீட்டாரை வீட்டுக்கு வரவழைத்து, பஜ்ஜி சொஜ்ஜி போட்டு, தெருவே எட்டிப் பார்க்க, பிறகு அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெண்ணுக்கு மானம் போகும். அதனால் கோயில், திருவிழா என்று ஏதாவது ஓரிடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாக எதிர்ப்பட்டதுபோலச் சந்தித்துக்கொள்வார்கள். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்காவிட்டால் ஊருக்குத் தெரியாது.

எனக்கு இந்த ஏற்பாடு தேவைப்பட்டது. அதற்கு முந்தின வருடம் ஒரு கூட்டம் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கே வந்து, தட்டுத் தட்டாகத் தின்றுவிட்டு, பெண் கொஞ்சம் உயரம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. உட்கார்ந்து தின்னும்போது தெரியாத உயரம் கைகழுவ எழுந்தபோதுதான் தெரிந்ததுபோலும். அதன்பிறகு குழாயடிக்குப் போனாலே, "இன்னா, அந்த எடம் இன்னாச்சி?" என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கும் தெரியும், என்ன ஆயிற்று என்று. என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். குடத்தை அங்கேயே போட்டு உடைக்கலாம் என்றிருக்கும்.

எங்கள் நைனாவுக்குச் சொந்த ஊர் படாளம் பக்கம். நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுச் செங்கல்பட்டில் அரிசி மண்டி வைத்தவர். மண்டியில் அவர் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். எடை போடுகிறவன் தராசைச் சற்றே சாய்த்தால் போதும், அவன் சட்டையைப் பிடித்து நாலு பேர் முன்னால் மூட்டையைத் திரும்ப ஏற்றச் சொல்வார். அவரைப் பார்த்துத்தான் எனக்கும் வாய் வந்தது என்று அம்மா திட்டுவாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இந்த இடம் பட்டணத்தில், சைதாப்பேட்டையில். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அப்பா இல்லை. அம்மாவும் கல்யாணமான ஓர் அக்காவும்தான். அந்த அம்மாவுக்குக் கழுகு பார்க்க வேண்டும் என்று நெடுநாள் வேண்டுதல். அக்காவுக்கு மகாபலிபுரம் பார்க்க வேண்டும். நைனா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். காலையில் அவர்கள் பஸ்ஸில் மலையடிவாரத்துக்கு வந்துவிடுவது. நாங்கள் வாடகைக் காரில் சாப்பாட்டோடு போவது. கழுகு பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே காரில் மகாபலிபுரம் போய்ச் சுற்றிப் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் திரும்பும்போது அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு ரயில் ஏறுவது. இல்லையென்றால் மகாபலிபுரத்திலிருந்தே பட்டணத்துக்கு பஸ் இருக்கிறது.

விடியும் முன்னே எழுந்து நான்தான் புளிசோறு கிளறினேன். கல்சட்டியில் புளியைக் கரைத்து, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, வேர்க்கடலையும் காய்ந்த மிளகாயும் தாளித்து, வெந்தயம் வறுத்துப் பொடித்துப் போட்டால் சாயங்காலம் வரைக்கும் கெடாது. கூடவே தயிர்சோறு, மாவடு, மசால்வடை. பெண் சமைத்தது என்று சொல்ல ஏதாவது வேண்டும் அல்லவா. தூக்குப் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கும்போது அம்மா என் தலையில் பூவை வைத்துக்கொண்டே, "இன்னிக்கி ஒரு நாளு வாயத் தொறக்காத. உன் கால்ல வுழுந்து கேட்டுக்கறேன்" என்றாள்.

அந்த மலைக்குக் கழுகால்தான் பெயர். தினமும் உச்சிவேளைக்கு முன்னால் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். காசியில் முழுகிவிட்டு வருகிறது என்பார்கள், ராமேசுவரத்துக்குப் போகிறது என்பார்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பாறை மேல் பண்டாரம் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் வைப்பார். அவை நடந்து வந்து அவர் கையிலிருந்து தின்றுவிட்டுப் பறந்துவிடும். பார்த்தவர்களுக்கு நல்லது. வராத நாளும் உண்டு. கூட்டத்தில் பாவி யாராவது இருந்தால் வராது என்பது ஐதீகம்.

அடிவாரத்தில் அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்துவிட்டு, அம்மாவிடம், "இன்னா சம்மந்தி, இவ்ளோ நேரமா?" என்று சிரித்தார். எடுத்த எடுப்பிலேயே சம்மந்தி. அம்மாவுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. கடைகளில் வெட்டிவேரும் கடலையுருண்டையும் பனங்கிழங்கும் குவிந்திருந்தன. அக்கா எல்லாவற்றையும் விலை கேட்டு எதையும் வாங்காமல் நடந்தாள். மாப்பிள்ளை யானைக்கால் பேண்ட் போட்டிருந்தார். படியேறும்போது அது தடுக்கித் தடுக்கி அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குச் சிரிப்பு. அவரும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெரியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கியபோது என் கையிலிருந்த தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒயரம் ஒண்ணும் பெருசில்ல. நானும் ஒயரந்தான்" என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அம்மா சாயங்காலம் உங்க வூட்டுக்கு வந்து பேசுவாங்க. நான் சரின்னுட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கால்வலி தெரியாமல் மீதிப் படிகளை ஏறினேன்.

மேலே பாறையில் வெயில் கொதித்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்தோம். பண்டாரம் பொங்கல் பாத்திரத்தோடு வந்து, நெய்யை ஊற்றிப் பிசைந்து வைத்து, கிண்ணத்தைத் தட்டி, வானத்தைப் பார்த்துக் கையை அசைத்துக் கூப்பிட்டார். வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். காக்காய்தான் வந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ ஒரு ஆள், "எவனோ மகாபாவி வந்துகிறான் இன்னிக்கி" என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். கூட்டமும் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "உங்க பொண்ணு சுத்தமா தான வந்துகீது?" என்றார்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ, இன்னாங்க, தலைக்குத் தண்ணி ஊத்திகினு தான் வந்துச்சி. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். முன்பின் தெரியாத ஆண்கள் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாறை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அக்காவும்தான் வந்திருந்தாள், அம்மாவும்தான் வந்திருந்தாள், கூட்டத்தில் எத்தனையோ பெண்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க, சில நாளு தாமசமா வரும்" என்றார் பண்டாரம். அந்த அம்மா பொறுக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "எத்தினி வருச வேண்டுதல். காட்ட வேண்டியத சாமி காட்டிட்டாரு" என்று இறங்க ஆரம்பித்தார். நாங்களும் இறங்கினோம். ஏறும்போது சம்மந்தி, இறங்கும்போது, "இந்தாங்கம்மா, கொஞ்சம் வழி வுடுங்க." அதோடு என் கல்யாணம் முடிந்துபோனது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. படியில் என் கையைப் பிடித்தாள்.

கீழே வந்ததும் மற்றப் பெண்கள் மூவரும் காருக்குள் ஏறிவிட்டார்கள். நைனா செருப்பு விட்ட கடையில் குனிந்து எல்லோருடைய செருப்பையும் தேடிக்கொண்டிருந்தார். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கூடையை டிக்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே சோடாக் கடையில் மாப்பிள்ளை அண்ணாந்து கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தார். குடிப்பது பாதியில் நின்றது. பாட்டில் வாயிலேயே இருக்க, கண் மேலேயே இருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு. மலையுச்சியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் பாறைமேல் இறங்கின. மேலேயிருந்து கூட்டத்தின் சத்தம் லேசாகக் கேட்டது.

அவர் பாட்டிலைக் கீழே இறக்கினார். என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தாரா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு வந்து முன்சீட்டில் நைனாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். கார் கிளம்பியது.

இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். நான் சொல்லக்கூடாது; பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறந்தால் கதையே வேறாகிவிடும். அம்மா வேறு காலில் விழுந்திருக்கிறாள். அவர் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். மகன் கண்ணால் பார்த்ததை எந்த அம்மா மறுப்பாள்? நான் அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மகாபலிபுரம் வரைக்கும் அவர் டிரைவரோடு கார் எத்தனை மைல் கொடுக்கும் என்று பேசிக்கொண்டு வந்தார்.

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர்களோடு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றிப் பார்ப்பது என்ன கொடுமை என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். கார் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, சோறு கட்டியாகிவிட்டது, இனி மரியாதைக்காவது சுற்றியாக வேண்டும். சவுக்குத் தோப்பு நிழலில் இலை போட்டுப் பரிமாறினேன். புளிசோற்றை அந்த அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கை பக்குவம் நல்லாத்தான் கீது" என்றார். அந்த 'தான்' என் நெஞ்சில் தைத்தது. சோற்றில் மட்டும் பாவி கை பட்டதாகத் தெரியவில்லைபோலும். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மாவடு வைக்கப் போனபோது போதும் என்று கையால் மறைத்தார்.

அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் செய்யும். காலடியில் எலிகள். எல்லோருக்கும் தெரிந்த சிற்பம்தான். அந்த அம்மா அதைப் பார்த்து, "இதப் பாருடி, எலியத் துன்றதுக்கு இன்னா வேசம்" என்று மகளிடம் காட்டிக் காட்டிச் சிரித்தார். நானும் பார்த்தேன். எனக்கு அவருடைய மகன் ஞாபகம்தான் வந்தது. வெண்ணெய் உருண்டைப் பாறையை மாப்பிள்ளை தோள் கொடுத்துத் தள்ளுவதுபோல நிற்க, அக்கா பெருமையாகப் பார்த்தாள். அவ்வளவு பெரிய பாறையைத் தள்ளத் தெரிகிறது. ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை.

ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று எல்லாம் பார்த்தோம். என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கல் யானையும் கல் சிங்கமும் வெயிலில் நின்றன, நானும் நின்றேன். எங்கே நின்றாலும் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடற்கரையில் செம்படவக் குப்பத்துப் பொம்பளைகள் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சளும் மிளகாயும் எண்ணெயில் பொரிகிற வாசனையை அக்காவால் தாங்க முடியவில்லை. இலையில் வாங்கி, முள்ளை உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள். அந்த அம்மாவும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். மலைக்குப் போன நாள், சாமி காட்டிய நாள். "அது மத்தியானத்தோட முடிஞ்சிபோச்சி" என்று அவரே விளக்கமும் சொன்னார். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாகச் சிப்பிக்கடை வரிசை. சங்கு, சோழி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடி, குங்குமச் சிமிழ், எல்லாம் கயிற்றில் தொங்கிக் காற்றில் கலகலவென்றன. அந்த அம்மா பேரம் பேசி ஒரு குங்குமச் சிமிழை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, வெச்சுக்கோ. நல்லபடியா ஒனக்கும் ஒரு எடம் அமையும்."

அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு சங்கைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சிமிழை வாங்கவில்லை.

"கழுகு வந்துச்சிங்க" என்றேன்.

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. "நாம கீழ எறங்கனதுக்கப்பறம் வந்துச்சி. ரெண்டும் பாறை மேல எறங்கிச்சி. நான் பாத்தேன். உங்க புள்ளையும் பாத்தாரு. கேளுங்க."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். "பாத்தியாடா?"

அவர் சங்கைக் காதிலிருந்து எடுத்தார். தன் அம்மாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "இல்லம்மா. நான் சோடா குடிச்சிகினு இருந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். அந்த அம்மா சிமிழைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு நைனாவிடம், "பொண்ண நல்லாத்தான் வளத்துகிறீங்க. பொய் வேற" என்றார். நான் நைனாவைப் பார்த்தேன். மண்டியில் தராசு சாய்ந்தால் சட்டையைப் பிடிக்கிறவர். என் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று ஒரு சத்தம் போடுவார், அது போதும் என்று நினைத்தேன். கல்யாணம் வேண்டியதில்லை, அந்த ஒரு சத்தம் போதும்.

நைனா கைகூப்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிட்டுது" என்றார்.

அவர்களை அங்கேயே பட்டண பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஜன்னல் ஓரம் மாப்பிள்ளை. பஸ் கிளம்பும்வரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் மூவரும் காரில் செங்கல்பட்டுக்குத் திரும்பினோம். காலித் தூக்குகள் டிக்கியில் மோதிக்கொண்டு வந்தன. நான் அழவில்லை. சொன்னது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேண்டும் வேண்டும் என்று நினைத்ததால் எனக்கு மட்டும் தெரிந்ததோ, பருந்தோ கொக்கோ பறந்து நான்தான் கழுகு என்று பார்த்துவிட்டேனோ என்று மனசு குழம்பியது.

திருக்கழுக்குன்றம் வந்தது. மலை மேல் விளக்கு ஏற்றியிருந்தார்கள். சாலையில் மாடுகள் போக டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. சிப்பிக்கடைப் பக்கம் அவர் வரவே இல்லை. சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "இன்னிக்கி கழுகு லேட்டு அண்ணாத்த. நாம கெளம்பற நேரத்துக்குத் தான் வந்து எறங்கிச்சி. நீங்க பாத்தீங்களா?" என்றார்.

நைனா வெளியே பார்த்துக்கொண்டு, "உம். பாத்தேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் நாங்கள் பின்னால் இருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் தோள் அசையாமல் நின்றது. அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நைனா, நீ பாத்தியா?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "பொண்ணப் பெத்தவன் சொன்னா எவன் நம்புவான்? அந்தப் புள்ள சொல்லுவாருன்னு பாத்தேன்."

"கடையில நான் சொன்னப்போ?"

நைனா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். அந்தப் பையனை மன்னிக்க ஏதாவது காரணம் கண்டுபிடிக்கலாம். அவனுக்கு நான் யார், அரை நாள் பழக்கம். இவருக்கு நான் யார்? அன்றைக்கு அந்தக் காரில் எனக்கு நைனா மேல் இருந்த மரியாதை செத்தது. பிறகு வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, கடைசிக் காலத்தில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் நான்தான். அந்த மரியாதை மட்டும் திரும்பி வரவில்லை.

கார் எங்கள் தெருவில் நின்றது. குழாயடியில் பொம்பளைகள் குடம் வைத்து வரிசையில் நின்றார்கள். நான் கூடையை இறக்கும்போது அடுத்த வீட்டுக்காரி, "இன்னாண்ணா, மலைக்கிப் போயிருந்தீங்களாமே, கழுகு வந்துச்சா?" என்று கேட்டாள்.

நைனா வேட்டியை உதறி மடித்துக் கட்டினார். "வந்துச்சே. ரெண்டும் வந்துச்சி. கண்ணு குளிரப் பாத்தோம்" என்றார். மண்டிக் குரல். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.